கண்ணுக்குள் எடுத்த படம் வந்த வழி

உயிரோடிருக்கும் மனிதரின் விழித்திரையைப் படம்பிடித்து முதன்முதலில் வெளியிட்டவர்கள் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர். ஆண்டு 1886. படத்துக்கு உட்கார்ந்தவரின் தலையோடு சேர்த்துக் கேமராவைக் கட்டினார்கள். வெளிச்சத்துக்கு வாயு விளக்கு. இரண்டரை நிமிடம் அந்த வெளிச்சம் கண்ணுக்குள் போய்க்கொண்டிருக்க, அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தனை பாடுபட்டும் கிடைத்தது மங்கலான ஒரு வட்டம்தான். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. மற்றதில் பெரும்பகுதியைக் கருவிழியில் பட்டுத் திரும்பிய வெளிச்சமே தின்றுவிட்டது.

அதே படத்தை இன்று மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு சின்ன ஊரின் கண் பரிசோதனை மையத்தில், பிளஸ் டூ படித்துவிட்டுப் பயிற்சி எடுத்த ஒரு பெண், இமை கொட்டும் நேரத்தில் எடுத்துவிடுகிறார். எடுத்த கையோடு மென்பொருள் அதைப் படித்துத் தரமும் போட்டுவிடுகிறது. நடுவில் கழிந்தது ஏறக்குறைய 140 ஆண்டு. அந்தப் படம் வந்த வழியைப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது: ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது, அதைத் தூக்கிப் போட்டதும் பின்னால் நின்றிருந்த அடுத்தது கண்ணில் பட்டது. கடைசி முட்டுக்கட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது. அது கேமராவிலும் இல்லை, கணினியிலும் இல்லை.

முதல் தடை வெளிச்சம். கண்மணி கறுப்பாகத் தெரிவதால் உள்ளே இருட்டு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். உண்மையில் உள்ளே போகும் வெளிச்சத்தில் ஒரு பகுதி போன வழியே திரும்பி வருகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் விளக்கு இருக்கும் இடத்திலேயே நம் கண்ணும் இருக்க வேண்டும். அங்கே தலையைக் கொண்டுபோனால் விளக்கை நாமே மறைத்துவிடுவோம். 1850-ல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், மருத்துவ மாணவர்களுக்கு இதை விளக்கத் தயார்செய்யும்போது ஒரு வழி கண்டார். மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்தால் பக்கத்து விளக்கின் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணுக்குள் போகும். திரும்பி வருவதில் ஒரு பங்கு கண்ணாடியை ஊடுருவிப் பார்ப்பவர் கண்ணுக்கு வந்து சேரும். அட்டை, பசை, கண்ணாடித் தகடு. செலவு அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அதைப் பற்றிய சிறு நூலை வெளியிட்டார். உயிருள்ள கண்ணின் உட்புறத்தை மருத்துவர்கள் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவருக்கு முன்பே, 1847-ல், லண்டனில் ஒருவர் இதே வேலைக்கு ஒரு கருவி செய்து வார்ட்டன் ஜோன்ஸ் என்ற கண் மருத்துவரிடம் காட்டியிருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சைச் சிறிது சுரண்டி, அந்த ஓட்டை வழியே பார்ப்பது அவருடைய யோசனை. மருத்துவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவிய பிறகு, 1854-ல்தான் அதைப் பற்றி எழுதினார். கருவி செய்தவர் சார்லஸ் பாபேஜ். ஆமாம், கணக்குப் போடும் இயந்திரத்தைத் திட்டமிட்ட அதே பாபேஜ்தான். கணினியும் விழித்திரையும் ஒரே ஆளின் மேசையில் ஒருமுறை சந்தித்துவிட்டுப் பிரிந்து போயின.

பார்க்க முடிந்தாயிற்று, பார்த்ததை எப்படி வைத்துக்கொள்வது? கையால்தான் வரைந்தார்கள். வியன்னாவில் எட்வர்ட் யேகர் மணிக்கணக்கில் உட்கார்ந்து விழித்திரையை வண்ணத்தில் தீட்டினார். இன்று பார்த்தாலும் வியப்பூட்டும் துல்லியம் அவற்றில் உண்டு. சர்க்கரை நோயாளி ஒருவரின் விழித்திரையில் மஞ்சள் புள்ளிகளும் ரத்தக் கசிவும் இருப்பதை 1850-களின் நடுவில் அவர்தான் முதலில் பதிவு செய்தார். அன்றைய பெரிய கண் மருத்துவரான ஆல்பிரெக்ட் ஃபொன் கிராஃப அதை ஏற்கவில்லை. சர்க்கரைக்கும் இந்தப் புள்ளிகளுக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபணம் இல்லை என்றார். ஓவியத்தை வைத்துக்கொண்டு அந்த வழக்கைத் தீர்க்க முடியாது. எவ்வளவு கெட்டிக்கார ஓவியரானாலும் தன் கண்ணில் பட்டதைத்தான் வரைவார். யார் கண்ணிலும் படாததையும் சேர்த்து வைத்துக்கொள்வது புகைப்படம் மட்டுமே. இந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரிய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜாக்மனையும் வெப்ஸ்டரையும் தோற்கடித்த கருவிழிப் பளபளப்பைச் சமாளிக்க வழி சொன்னவர் சுவீடன் நாட்டு அல்வார் குல்ஸ்ட்ராண்ட், 1911-ல் மருத்துவ நோபல் பெற்றவர். வெளிச்சம் உள்ளே போக ஒரு வழி, திரும்பி வர வேறு வழி என்று கண்மணியைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டால் இரண்டும் கலக்காது. இன்றைய கேமராக்களிலும் வெளிச்சம் வளையமாகக் கண்மணியின் ஓரத்தின் வழியே நுழைகிறது. படம் நடுப்பகுதி வழியே வெளியே வருகிறது. இந்த வழியில் யோஹான் நோர்டென்சன் வடிவமைத்த கேமராவை ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனம் 1926-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு மின்னல் விளக்கு வந்தது, வண்ணப் பிலிம் வந்தது. இந்தக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஒரே ஒரு சம்பவம் மட்டும்: 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் நோவோட்னி, ஆல்விஸ் இருவரும் ஃப்ளோரசின் என்ற சாயத்தைக் கை நரம்பில் ஏற்றி, அது விழித்திரை ரத்தக்குழாய்களில் ஓடுவதைப் படம்பிடித்தார்கள். முதலில் படம் பிடிபட்டது ஆல்விஸின் கண்ணிலேயே. கட்டுரையைக் கண் மருத்துவ இதழ் திருப்பி அனுப்பிவிட, 1961-ல் இதய மருத்துவ இதழான ‘சர்குலேஷன்’ வெளியிட்டது.

படம் நன்றாக வந்துவிட்டது. ஆனால் அதை வைத்து என்ன செய்வது? பார்வை போகப்போகிறது என்று தெரிந்துகொண்டு சும்மா இருப்பதற்குப் படம் எதற்கு? சிகிச்சை ஒன்று வந்த பிறகுதான் இந்தப் படத்துக்கு வாழ்வு வந்தது. சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தவரின் விழித்திரையில் விழுந்த சூட்டுத் தழும்பைக் கவனித்த ஜெர்மன் மருத்துவர் மேயர்-ஷ்விக்கரத், அதே சூட்டை அளவோடு வைத்து விழித்திரைக்கு வைத்தியம் செய்யலாம் என்று கண்டார். முதலில் சூரிய ஒளியையே பயன்படுத்தினார், பிறகு செனான் விளக்கு. அடுத்து வந்ததுதான் நம் ஊரில் எல்லோரும் சொல்லும் லேசர்.

சர்க்கரை நோய் முற்றும்போது விழித்திரையில் ஆக்ஸிஜன் போதாத இடங்களுக்காகப் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். கேட்க நல்ல செய்தியாகத் தோன்றும். ஆனால் அவை சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று மாதிரி: பார்க்க மெல்லிசாக இருக்கும், வளர வளரச் சுவரையே பிளக்கும். அந்தக் குழாய்கள் ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும், இல்லையென்றால் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பிய்க்கும். லேசர் சூடு வைத்தால் இது நிற்குமா? அமெரிக்காவில் 1971-ல் தொடங்கிய பெரிய ஆய்வில் 1,758 நோயாளிகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் சூடு வைத்து, மறு கண்ணை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். 1976-ல் வந்த முடிவு எல்லோரையும் நிமிர வைத்தது: சூடு வைத்த கண்களில் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது.

அந்த ஆய்வில் எனக்குச் சுவையாகப் படுவது லேசரைவிட, படங்களைப் படித்த விதம். பல ஊர் மருத்துவமனைகளில் எடுத்த படங்கள் எல்லாம் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு கண்ணுக்கு ஏழு இடங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் ஆழம் தெரிவதற்காக இரண்டு படம், ஆக ஒரு கண்ணுக்குப் பதினான்கு ஸ்லைடு. அவற்றை வெளிச்சப் பலகையில் வைத்து, இரட்டை லென்ஸ் வழியே குனிந்து பார்த்துத் தரம் போட்டவர்களில் பெரும்பாலானோர் மருத்துவர்கள் அல்ல. அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற படிப்பாளர்கள். பக்கத்தில் முன்மாதிரிப் படங்கள் இருக்கும். பார்வை நரம்பின் முகப்பில் முளைத்த புதுக் குழாய் முன்மாதிரி 10ஏ-வில் இருப்பதைவிடக் குறைவா, கூடுதலா? ரத்தக் கசிவு 2ஏ-வைத் தாண்டுகிறதா? இப்படித்தான் வேலை. ‘எனக்கு என்னமோ மோசமாகத் தெரிகிறது’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அடுத்து 3,711 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில் இந்த முறை இன்னும் இறுகியது. விழித்திரை நோய் எண்ணாக மாறியது அந்த மேசையில்தான். பின்னால் கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க முடிந்ததும் அதனால்தான். மருத்துவரின் அனுபவத்தில் மட்டும் கிடந்த அறிவை எந்த இயந்திரத்துக்கும் ஊட்ட முடியாது. அதை முதலில் விதியாக எழுதி, மருத்துவரல்லாத ஒருவருக்கே சொல்லிக்கொடுக்க முடிந்திருக்க வேண்டும். கணினியால் மருத்துவம் மாறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் மேடிசன் படிப்பாளர்களை ஒரு வரிகூடச் சொல்வதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இனி நம் பக்கம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடுதழுவிய ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். பெரியவர்களில் நாட்டுச் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். சென்னையில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் விழித்திரைப் படம் எடுத்துப் பார்த்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதத்தினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. இந்தக் கணக்கில் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை மருத்துவர் நேரில் பார்ப்பது நடக்காத காரியம். நோயாளி போக முடியாத இடத்துக்குப் படமாவது போகட்டும் என்ற யோசனை இங்கே வேரூன்றியது அதனால்தான்.

அதற்கான நிலம் முன்பே தயாராக இருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கேம்ப் போட்டு ஊர் ஊராகப் போகும் பழக்கத்தைப் புரை அறுவை சிகிச்சைக்காக வளர்த்து வைத்திருந்தது. 1978-ல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயா, 2003-ல் செயற்கைக்கோள் இணைப்போடு பரிசோதனைப் பேருந்தைக் கிராமங்களுக்கு அனுப்பியது. தேனிப் பக்கத்தில் அரவிந்தின் விஷன் சென்டர்கள் என்ற சிறு கண் பரிசோதனை மையங்களைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தொலைதூர வைஃபை மூலம் மருத்துவமனையோடு இணைத்தார்கள்; ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி ஆண்டெனாக்களை உயரத்தில் கட்டிவிட்டால், செல்போன் இணையம் சரியாக வராத அந்தக் காலத்திலும் வீடியோவில் டாக்டரோடு பேச முடிந்தது.

படம் பயணம் போகக் கற்றுக்கொண்டது. அடுத்த தடை அதைப் படிக்கிற ஆள். நூறு படம் வந்தால் நூறையும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். அதில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாத படங்கள். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் அதே நேரம், அதே கவனம். படித்து முடித்து அறிக்கை திரும்பும்போது நோயாளி ஊருக்கு பஸ் ஏறிப் போயிருப்பார். கொடுத்த போன் நம்பர் மகனுடையது. மகன் திருப்பூரில் இருப்பார்.

படத்தைக் கணினியைக் கொண்டு படிக்கவைக்கும் முயற்சி நேற்று வந்ததல்ல. 1984-லேயே பிரான்சில் போதுவாங் குழுவினர், சாயம் ஏற்றி எடுத்த படங்களில் நுண்ணிய ரத்தக்குழாய் வீக்கங்களைக் கணினி தானாக எண்ணும்படி செய்து கட்டுரை எழுதினார்கள். அந்தக் காலத்து வழி விதி வழி. சிவப்பாக, வட்டமாக, இன்ன அளவுக்குள் இருந்தால் வீக்கம். நீளமாக இருந்தால் ரத்தக்குழாய். இப்படி மனிதர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்ததற்கு வெளியே ஒரு படம் வந்தால் கணினி தடுமாறும். முப்பது ஆண்டு இப்படியே ஓடியது.

2015-ல் கலிபோர்னியா ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் பணம் போட, கேகிள் தளத்தில் ஒரு லட்சம் டாலர் பரிசுடன் ஒரு போட்டி வைத்தார்கள். ஐபேக்ஸ் என்ற தொலைப் பரிசோதனை வலையமைப்பில் சேர்ந்த 35,126 விழித்திரைப் படங்களைத் தரத்தோடு கொடுத்து, மற்றப் படங்களுக்குத் தரம் சொல்லும் நிரலை எழுதச் சொன்னார்கள். வென்றவர் பென் கிரஹாம், கணிதத்துறைக்காரர். முன்னணியில் வந்தவர்கள் எல்லாம் விதி எழுதுவதை விட்டுவிட்டு நரம்பு வலைப்பின்னல் என்ற கணினி முறையைப் பிடித்தவர்கள். அதில் யாரும் வீக்கம் என்றால் என்ன என்று சொல்வதில்லை. படத்தையும் மனிதர் போட்ட தரத்தையும் காட்டிக்கொண்டே போனால், தன் விடை தப்பும்போதெல்லாம் உள்ளிருக்கும் லட்சக்கணக்கான எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரல் திருத்திக்கொள்ளும்.

2016 கடைசியில் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் கூகுள் குழுவின் கட்டுரை வந்தது. லில்லி பெங், வருண் குல்ஷன் தலைமையில் நடந்த அந்த வேலையில் பயிற்சிக்கு எடுத்தவை 1,28,175 படங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவை போக, மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அதில் உண்டு. கட்டுரையில் பெயர் உள்ளவர்களில் மதுரையின் டாக்டர் ஆர். கிம், சென்னையின் டாக்டர் ராஜீவ் ராமன் இருவரும் அடக்கம். ஒவ்வொரு படத்தையும் 54 பேர் கொண்ட மருத்துவர் குழுவிலிருந்து குறைந்தது மூன்று பேர், சிலவற்றை ஏழு பேர்வரை தனித்தனியாகப் படித்துத் தரம் போட்டார்கள்.

ஏன் ஏழு பேர்? தேர்ந்த மருத்துவர்களே ஒரே படத்துக்கு வேறு வேறு தரம் போடுவார்கள் என்பதால். நேற்று ஒரு தரம் போட்டவர் இன்று அதே படத்துக்கு வேறு தரம் போடுவதும் உண்டு. 2018-ல் இதே குழுவினர் ஒரு காரியம் செய்தார்கள்: விழித்திரை நிபுணர்களை உட்காரவைத்து, கருத்து வேறுபட்ட படங்களை ஒருவருக்கொருவர் வாதாடி ஒரு முடிவுக்கு வரச் சொன்னார்கள். முன்பு பெரும்பான்மையோர் போட்ட தரம் எங்கே தவறியது என்று பார்த்தால், முதலிடத்தில் இருந்தது கண்ணில் படாமல் போன நுண்வீக்கம். அடுத்தது, படத்தில் விழுந்த கறையை நோய் என்று எண்ணிவிட்டது. இதற்கேற்ப இயந்திரத்துக்கும் கண்ணைக் கூர்மையாக்கினார்கள். முதலில் ஒவ்வொரு படத்தையும் 299-க்கு 299 புள்ளியாகச் சுருக்கித்தான் ஊட்டினார்கள். அந்த அளவில் நுண்வீக்கம் ஒரு புள்ளிக்குள் கரைந்துபோகும். பிறகு 779 புள்ளியாகப் பெரிதாக்கினார்கள். ஆக, இயந்திரத்தின் அறிவு என்று நாம் சொல்வது பாதிக்குமேல் மனிதர்கள் உட்கார்ந்து வாதாடிய வாதம்.

மதுரையிலும் சென்னையிலும் 3,049 நோயாளிகளிடம் செய்த நேரடிச் சோதனை 2019-ல் வெளியானது. தனியாகப் படித்த மனிதப் படிப்பாளர்கள், மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்பு உள்ள நூறு பேரில் 73 முதல் 90 பேர்வரை பிடித்தார்கள். ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம். மென்பொருள் மதுரையில் ஏறக்குறைய 89 பேரையும் சென்னையில் 92 பேரையும் பிடித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், மதுரை அரவிந்தில் இது அன்றாடப் பரிசோதனைக்கே வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இதற்கு முன்பே, 2018 ஏப்ரலில், அயோவாவின் மைக்கேல் ஆப்ரமாஃப் உருவாக்கிய ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற கருவிக்கு அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டகம் அனுமதி கொடுத்திருந்தது. மருத்துவர் யாரும் படத்தைப் பார்க்காமலே முடிவு சொல்ல அனுமதி பெற்ற முதல் கருவி அது. சென்னையில் டாக்டர் ஆர். ராஜலட்சுமியும் டாக்டர் வி. மோகனும் உள்ளிட்ட குழு செல்போனோடு பொருத்திய கேமராவில் 301 பேரைப் படமெடுத்து, மென்பொருளால் படிக்கவைத்து அதே ஆண்டில் முடிவை வெளியிட்டது. கேமரா கையடக்கமாகிவிட்டது.

யார் கண்ணிலும் படாததையும் புகைப்படம் சேர்த்து வைத்திருக்கும் என்று சொன்னேன் அல்லவா? அதற்குச் சான்று 2018-ல் வந்தது. 2,84,335 பேரின் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த ஒரு நிரல், வெறும் விழித்திரைப் படத்தைப் பார்த்து அவர் ஆணா பெண்ணா என்று ஏறக்குறையப் பிழையில்லாமல் சொன்னது. வயதைச் சராசரியாக மூன்று வயதுக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசத்தில் சொன்னது. விழித்திரையைப் பார்த்து ஆண், பெண் சொல்ல எந்தக் கண் மருத்துவராலும் முடியாது. அப்படி ஒரு வேறுபாடு இருப்பதாகப் பாடப்புத்தகம் எதுவும் சொல்லவும் இல்லை. யேகரின் தூரிகையில் இது வந்திருக்க வாய்ப்பே கிடையாது. இங்கே ஒரு கேள்வியும் எழுகிறது. கண் பரிசோதனைக்கென்று கொடுத்த படத்தில் நம்மைப் பற்றி இவ்வளவு இருக்கிறது என்றால், அது யார் கையில் இருக்கிறது, வேறு எதற்குப் பயன்படுகிறது என்று கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கத்தான் வேண்டும். எங்கள் ஊர்க் கண்களைப் பார்த்துக் கற்ற இயந்திரம் எங்கள் ஊருக்குக் காசு கேட்டு வரும் நாளில் இந்தக் கேள்வி சத்தமாகவே எழும், எழ வேண்டும்.

எல்லாம் சுமுகமாகப் போனதாக நினைத்துவிட வேண்டாம். தாய்லாந்தில் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களின் 11 மருத்துவ நிலையங்களில் கூகுளின் மென்பொருளை வைத்துப் பார்த்த அனுபவத்தை 2020-ல் வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் கொடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று மென்பொருள் திருப்பிவிட்டது. பல நிலையங்களில் இருட்டறை கிடையாது; நடுக்கூடத்தில் விளக்கு எரிய எரியப் படம் எடுத்தார்கள். நன்றாகத்தான் தெரிகிறதே என்று நர்சுக்குத் தோன்றும் படத்தையும் இயந்திரம் ஏற்காது. ஏற்காவிட்டால் நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஒருநாள் கூலி போகும். இணையம் படுத்துவிட்ட நாளில் வரிசை அப்படியே நிற்கும். ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய மென்பொருளுக்கு ஒரு ஜன்னல் திரைதான் தேவைப்பட்டது.

இப்போது நம் ஊர் மையம் ஒன்றுக்கு வருவோம். திரை போட்ட சின்ன அறை. கேமரா முன்னால் ஸ்டூல். அறுபதைத் தொட்ட ஓர் அம்மா உட்காருகிறார்.

“தாடையை இதுல வைங்கம்மா. நெத்தி நல்லா ஒட்டட்டும். உள்ள பச்சையா ஒரு லைட்டு தெரியுதா?”

“தெரியுது தாயி.”

“அதையே பாருங்க. சிமிட்டாதீங்க.”

பளிச். அடுத்த கண். பளிச். திரையில் இரண்டு ஆரஞ்சு வட்டங்கள். மூக்குப் பக்கமாகப் பார்வை நரம்பின் மஞ்சள் முகப்பு. அங்கிருந்து மேலும் கீழுமாகப் பிரிந்து ஓடும் குழாய்கள். நடுவில் கூர்பார்வைக்கான கருமை. இடது கண்ணில் அந்தக் கருமைக்குப் பக்கத்தில் மெழுகு சிந்தின மாதிரி மஞ்சள் திட்டுகள், அங்கங்கே ஊசிமுனைச் சிவப்பு. மென்பொருள் முடிவு காட்டுகிறது: மேல்சிகிச்சைக்கு அனுப்பவும்.

“அம்மா, ரெண்டு வாரத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வரணும். கண்ணு நரம்புல நீர் கோத்திருக்கு.”

“எனக்குக் கண்ணு நல்லாத்தான தாயி தெரியுது? நேத்துகூட ஊசியில நூல் கோத்தேனே.”

“இப்பத் தெரியும்மா. விட்டுட்டா தெரியாது.”

“அறுப்பு முடியட்டும். மகன் லீவு போட்டுட்டு வரணும்ல. பாப்போம்.”

இந்த ‘பாப்போம்’தான் மிச்சமிருக்கும் தடை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளிச்சத்தைத் தீர்த்தார்; குல்ஸ்ட்ராண்ட் பளபளப்பைத் தீர்த்தார்; மேடிசன்காரர்கள் தரத்தை வகுத்தார்கள்; கணினி படிப்பாளர் பற்றாக்குறையைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. அறிக்கையைக் கையில் வாங்கியவர் பஸ் ஏறி லேசருக்கோ கண்ணில் போடும் ஊசிக்கோ வந்து சேர்வதை எந்த மென்பொருளும் தீர்க்கவில்லை. இயந்திரத்தின் பெரிய லாபம் துல்லியம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் கணிப்பு வேறு. அந்த அம்மா ஸ்டூலைவிட்டு எழுவதற்குள் முடிவு வந்துவிடுவதுதான் பெரிய லாபம். படத்தை அவரிடமே திருப்பிக் காட்டி, “இதோ பாருங்க, இந்த மஞ்சள்தான் கசிவு” என்று சொல்ல முடிகிறது. பத்து நாள் கழித்து மகன் நம்பருக்குப் போகும் குறுஞ்செய்தியால் அது முடியாது. மென்பொருளுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை, அனுப்பப்பட்டவர் வந்தாரா என்று போன் போட்டுக் கேட்கும் ஓர் ஆளுக்கும் அவருடைய பஸ் காசுக்கும் ஒதுக்காத திட்டம் பாதித் திட்டம்தான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சர்க்கரை இருந்தால், கண் நன்றாகத் தெரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். இந்த நோய் வெகுதூரம் முற்றும்வரை பெரும்பாலும் பார்வையைத் தொடாது. கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். படத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிட உதவும். டைப் 2 என்றால் சர்க்கரை என்று தெரிந்த உடனேயே முதல் படம் எடுத்துவிட வேண்டும். டைப் 1 என்றால் ஐந்து ஆண்டுக்குள். அதன் பிறகு எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை. பாதிப்பு தொடங்கிவிட்டால் டாக்டர் சொல்லும் இடைவெளியில்.